அம்மா ஊருக்குச் சொன்ன பதில்

எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று என் அம்மா பேச்சி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது என்று என் அப்பா சங்கிலிப்பாண்டி சொல்லிக்கொண்டிருந்தார். 1979-ஆம் வருஷத்து மழைக்காலம் முழுவதும் இதே கூத்து. உண்மையில் கல்லூரியிலிருந்து ஒரு தகவலும் வந்திருக்கவில்லை.

அம்மா கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தாள். கோவில்பட்டிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த கையோடு சுக்குப் புடைக்க முறத்தைப் பிடித்தவள். எத்தனை தடவை குளித்தாலும் சுக்கு நெடி போகாது. நல்லது எதையும் நடக்குமுன் வாயால் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும் என்பது அவள் கொள்கை. நான் வயிற்றில் இருந்தபோது, மறைக்க முடிந்தவரை வாயுத் தொந்தரவு என்றே சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

அப்பாவுக்குக் கைவண்டி இழுக்கும் வேலை. சாயாக்கடையில் உட்கார்ந்தால், அவர் பேச்சில் மகள் நான் ஏற்கெனவே டாக்டர். ஒருநாள் பல்வலிக்காரர் ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். நான் பிரீடிகிரி என்ற புகுமுகப் படிப்பைத்தான் முடித்திருக்கிறேன் என்று அந்த மனிதரிடம் விளக்கிச் சொல்வதற்குள் எனக்கே தலை வலித்தது. இருவரிடமும் சண்டை போட்டேன். அம்மா அப்பாவைக் கைகாட்டினாள். அப்பா அம்மாவைக் கைகாட்டினார்.

ஊர் நம்பியது அம்மாவைத்தான். கிடங்கு மேனேஜர் வறீது சேட்டன் மனமிரங்கி முதலாளியிடம் பேசி, ஆபீஸில் பில் எழுதும் வேலைக்கு என்னைச் சொல்லிவைத்துவிட்டார். திங்கட்கிழமையே வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறது என்றார். எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் மேஜையில் உட்காரும் வேலை கிடைத்ததில்லை. வேண்டாம் என்றால், தான் சொன்னது பொய் என்று அம்மா ஒப்புக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. நான் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். யாராவது சேராமல் போனால் கூப்பிடுவார்கள்.

“அப்ப கிடைச்ச மாதிரிதான்” என்றார் அப்பா.

“கிடைக்கலேங்கிறதத்தான் நயமா எழுதியிருக்கான்” என்றாள் அம்மா.

கார்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருந்தது. ஞாயிறு முழுக்க இருவரும் வாக்குவாதம் செய்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள். ஆபீஸில் கொண்டுபோய் விடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன்; மாறாகக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

வறீது சேட்டன் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காருவதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள்.

“சேட்டா, நான் சொன்னது பொய்யி. இவளுக்குக் கிடைக்கலேன்னு இன்னும் முடிவாகல. கிடைச்சாலும் கிடைக்கும். இந்த ஜோலிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. முதலாளியிடம் இனி எந்த முகத்தோடு பேசுவேன் என்று மலையாளத்தில் நன்றாகத் திட்டினார். அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில், “கிட்டியில்லெங்கிலோ?” என்றார்.

“கிட்டலேன்னா என்கூட முறம் பிடிக்கட்டும்.”

வெளியே வந்ததும் கோபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்த தெருவின் நடுவே நின்றாள்.

“ஏட்டி, வாயில என்ன வச்சிருக்க? உங்கப்பன் ஒண்ணு சொல்லுதான், நான் ஒண்ணு சொல்லுதேன். உனக்கு அந்தப் படிப்பு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா இப்பவே சொல்லு. திரும்பிப் போயி அந்தாளு கால்ல விழுதேன்.”

பின்னால் ஒரு வண்டிக்காரர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். அம்மா நகரவில்லை.

“வேணும்” என்றேன்.

“இத நேத்தே சொல்றதுக்கென்ன?” என்று சொல்லிவிட்டு முறம் பிடிக்கக் கிடங்குக்குப் போய்விட்டாள். அன்று அரைநாள் கூலிதான் போட்டார்கள்.

மழை நின்ற பிறகு ஒருநாள் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.