ரூத்தின் பேர் வெட்டிய கரண்டி

கணபதி ஏரியாவில் எங்கள் தெருவில் விசேஷம் வைத்தால், பந்தல்காரருக்குச் சொல்வதற்கு முன் ஞானாபரணத்துக்குச் சொல்லிவிட வேண்டும். தட்டு அவரிடம்தான் இருந்தது. அவர் மனைவி ரூத், சுற்றியிருந்த பட்டறை ஆட்களுக்கு வீட்டிலேயே மெஸ் நடத்தியவர். எவர்சில்வர் தட்டு, டம்ளர், குழம்பு வாளி, சாதக் கரண்டி என்று எல்லாவற்றிலும் ‘ஞா. ரூத்’ என்று பேர் வெட்டி வைத்திருந்தார். பேர் இல்லாத பாத்திரம் ஊர்சுற்றப் போய்விடும் என்பது நம் பெண்களின் அனுபவம்.

ரூத் இறந்தபின், நினைவு ஜெபத்துக்கு வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டில் சாப்பாடு போட்டார்கள். மறுநாள் காலை குப்பைத்தொட்டி ஓரம் ஒரு மாடு அந்தத் தட்டுகளை மென்றுகொண்டிருந்தது. “ஊருக்கே சோறு போட்டவ பேரைச் சொல்லி மாட்டைக் கொல்றீங்களா?” என்று மனுஷன் தெருவில் நின்று கத்தினார். அன்றே பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிக் கழுவினார். அப்போதிருந்து யார் வீட்டு விசேஷத்துக்கும் தட்டு இலவசம்.

ஒரே நிபந்தனை. வாங்கியவரே நேரில் வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினால் இறக்க விடமாட்டார். வந்தவரை உட்காரவைத்து டீ போடுவார், கூடவே உபதேசமும் ஆரம்பமாகும். மிச்சச் சோற்றை வழித்து உரக்குழியில் போடு, முதல் அலசலுக்கு போர்வெல் உப்புத்தண்ணியே போதும், அதையும் வாழைக்கு ஊற்று. எங்களுக்குக் கொட்டாவி வரும். டீ நன்றாக இருக்கும்.

மாட்டின் மேல் அவருக்கு இருந்த கரிசனம் பொய்யில்லை. ஆனால் காகிதத் தட்டைத் திருப்பிக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள், எவர்சில்வர் தட்டுக்கு வந்தாக வேண்டும். மகள் டீனா பெங்களூரில் இருந்தாள். அந்த வீட்டுக் கதவைத் தட்ட எங்களுக்கு வேறு காரணமே இல்லை. எங்களுக்கு அது உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, போதகர் சபையில் அவரைப் பாராட்டிப் பேசினார். இனி சர்ச் மண்டபத்தில் தூக்கிப்போடும் தட்டே கூடாது என்று முடிவானது. மறுநாளே மண்டபப் பொறுப்பாளர் கிறிஸ்டோ வந்தார்.

“ஏனுங்க மாமா, பாத்திரத்தையெல்லாம் மண்டபத்துலயே வெச்சுக்கலாமுங்க. வேணுங்கறவங்க அங்கயே எடுத்து, அங்கயே கழுவி வெச்சுப்போட்டுப் போயிருவாங்க. இந்த வயசுல நீங்க எதுக்குச் சிரமப்படோணும்? ஒரு தட்டும் குப்பைக்குப் போகக்கூடாதுன்னு நீங்க சொன்னதுதானுங்களே?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஊருக்குச் சொன்னதைத் தானே எப்படி மறுப்பது? தலையாட்டினார்.

மினி ஆட்டோவில் பாத்திரம் ஏறும்போது பெரிய சாதக் கரண்டியை மட்டும் துண்டில் சுற்றி ஒளித்துவிட்டார். அது இல்லாமல் பந்தி நடக்காது, தேடிக்கொண்டு யாராவது வந்துதானே ஆகவேண்டும். அன்றிலிருந்து பால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கினார்.

மண்டபத்தில் கல்யாணம் நடந்தது, ஞானஸ்நான விருந்து நடந்தது. பாட்டுச் சத்தம் அவர் வீடு வரை கேட்டது. யாரும் வரவில்லை. வாங்கிய பால் திரிந்துபோனது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே கிறிஸ்டோவுக்குப் போன் போட்டார்.

“கண்ணு, ஒரு கரண்டி இங்கயே தங்கிப்போச்சு. வந்து எடுத்துக்கறயா?”

“அட, அது உங்ககிட்டத்தான் இருக்குங்களா! அன்னிக்கே தேடுனமுங்க மாமா. ஒரு கரண்டிக்காக உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு புதுசு வாங்கிப்போட்டோமுங்க. அது உங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க.”

இருக்கிற பொருள் இருக்கப் புதுசு வாங்குவது பாவம் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர், “செரி கண்ணு” என்று போனை வைத்தார்.

மத்தியானம் தனக்கு மட்டும் வடித்திருந்த சோற்றை ரூத்தின் பேர் வெட்டிய அந்தக் கரண்டியால் எடுத்தார். ஒரே அள்ளலில் பாத்திரம் காலியாகிவிட்டது.