லஸ்கர் எழுந்திருக்கும் வரை

1. வேலையில் சேர்ந்த நாள்

மற்றவர்கள் வேலையில் சேரும் நாளில் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் சேர்ந்த நாளில் அப்பா எனக்கு முன்பே வேலைக்குப் போய், அங்கேயே இறந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். அவருடைய தலைப்பாகை தானே ஆடியது என்றுகூடக் கேள்விப்பட்டேன். அதெல்லாம் சுத்தப் பொய். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பின் இருக்கும். தாமிரபரணியிலிருந்து வரும் எங்கள் கால்வாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். அங்கே இரண்டு ஷட்டர். ஒன்று மேலப்பத்து வயல்களுக்கு, மற்றது கீழப்பத்து வயல்களுக்கு. பத்து என்றால் எங்கள் பக்கத்தில் வயல்களின் தொகுதி. அப்பா அங்கே லஸ்கர். திருகுசாவியால் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், அளவுக்கல்லில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து கேஜ் புத்தகத்தில் எழுதுவதும் அவர் வேலை.

தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைப்பார்கள். இன்று உச்சிப்பொழுதிலிருந்து நாளை உச்சிவரை ஒரு பத்துக்கு, அப்புறம் மற்றதற்கு. அப்பாவுக்கு முன்பு இருந்த லஸ்கர் முறை நடுவே சாப்பிடப் போய்விடுவாராம். அவர் முதுகு மறைந்ததும் யாராவது ஷட்டரை மாற்றிவிடுவார்கள். பிறகு மண்டை உடையும். அதனால் இரண்டு பத்தும் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. முறையைத் திறந்த லஸ்கரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் மட்டும் முறை செல்லும். நடுவே எழுந்து போனால் முறை முறிந்தது, தண்ணீர் எதிர்ப் பத்துக்கு. ஒதுங்கப் போவதற்கு மட்டும் விலக்கு. அப்போது தலைப்பாகையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போகலாம்.

அப்பா இருபது வருஷம் இந்த உடன்படிக்கையின்மேல் உட்கார்ந்தார். காய்ச்சலோடு உட்கார்ந்தார். என் அக்கா கல்யாணத்தன்றும் முறைதான். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு வரப்பில் நடந்து வந்து நாற்காலியின் முன் விழுந்து கும்பிட்டார்கள். அவர் உட்கார்ந்தபடியே திருநீறு பூசிவிட்டு, "பைய பாத்துப் போங்க, வரப்பு வழுக்கும்" என்றார்.

2. பதில் சொல்லாத மனிதர்

அன்று கீழப்பத்து முறை. மாசி மாதம், பிசானப் பயிர் பால் பிடிக்கும் நேரம். இந்த ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் வைக்கோல்.

காலையில் நான் நீத்தண்ணியும் வெங்காயமும் கொண்டு போனேன். காவலுக்குப் பத்துக்கு ஒருவராக இரண்டு பேர் அப்பாவின் இருபுறமும் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மேலப்பத்துக்கு சங்கரலிங்கம், கீழப்பத்துக்கு இசக்கிமுத்து. சங்கரலிங்கம் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி. எங்கள் அப்பாவிடம் இருபது வருஷமாகச் சண்டை போடுகிறவர். இசக்கிமுத்துவுக்குக் கால்வாயின் கடைசியில் ஒன்பது வயல். தண்ணீர் எல்லாருக்கும் போய் மிச்சமிருந்தால்தான் அவருக்கு.

நான் அப்பாவின் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"அண்ணாச்சி, அப்பா செத்துப் போயிட்டாக" என்றேன்.

"போலே!" என்றார் சங்கரலிங்கம். "இவ்வளவு நேரம் ஷட்டரை ரெண்டு புரி கூட ஏத்தி வச்சிருக்கீருன்னு அவரைத்தான் ஏசிட்டிருக்கேன்."

"பதில் சொன்னாகளா?"

"என்னைக்குலே பதில் சொல்லியிருக்காரு?"

அது வாஸ்தவம். அப்பா முறை நேரத்தில் பத்துக்காரர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். இசக்கிமுத்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவைத் தூக்குவதற்காக அக்குளில் கையைக் கொடுத்தேன். இசக்கிமுத்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தூக்கிராதீரும்! உச்சிக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் கெடக்கு. என் வயலுக்கு இன்னும் ஒரு சொட்டு எட்டலை. அண்ணாச்சி எந்திரிச்சா முறை போச்சு!"

"செத்தவரு எப்படிவே எந்திரிப்பாரு?" என்றார் சங்கரலிங்கம். "செத்தப்பமே முறை முடிஞ்சிட்டு. விடியக்காலமே செத்திருக்காரு. அப்பம் விடிஞ்சதுலேருந்து போன தண்ணியும் எங்களுக்குத் திரும்பி வரணும்."

"அவரு விடியக்காலம் செத்ததை நீரு கண்டீரா? ரெண்டு பேரும் இப்பம் வரைக்கும் அவருகூட பேசிட்டுத்தானே இருந்தோம்?"

என் அப்பா எப்போது இறந்தார் என்று அவர்கள் வரப்பில் நின்று பேரம் பேசினார்கள். ஒருவர் விடியல் என்றார், ஒருவர் நான் வந்த நேரம் என்றார். எனக்கு இருவரையும் கால்வாயில் தள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஓவர்சியர் ஞானமுத்து அளவு சரிபார்க்க சைக்கிளில் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், எதையும் எழுத்தில் பார்க்கிறவர். தொப்பியைக் கழற்றி அப்பாவுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் செய்தார். பிறகு கேஜ் புத்தகத்துக்குள் இருந்த உடன்படிக்கையை எடுத்துப் படித்தார்.

"எழுந்து போனால்னுதான் போட்டிருக்கு. செத்தால்னு போடலை. லஸ்கர் எந்திரிச்சாரா?"

"எந்திரிக்கலை" என்றார் இசக்கிமுத்து.

"எந்திரிக்கலை" என்று சங்கரலிங்கமும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

"அப்ப முறை உச்சிவரைக்கும் செல்லும்."

"ஐயா, அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போறேன். தலைப்பாகையை நாற்காலியில வச்சிருதேன்" என்றேன்.

"அது செல்லாது" என்றார் சங்கரலிங்கம். "தலைப்பாகை வச்சா ஆளு திரும்பி வரணும்லா."

ஓவர்சியர் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, உனக்கு ஷட்டர் இறக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "இந்த நிமிஷத்துலேருந்து நீ ஆக்டிங் லஸ்கர். உங்கப்பா இருக்கட்டும். நீ நில்லு."

இப்படித்தான் நான் உத்தியோகத்துக்கு வந்தேன்.

3. அம்மா

தகவல் போய் இரண்டு பத்துக்காரர்களும் கூடினார்கள். அம்மாவும் வந்தாள். தலைவிரி கோலமாக ஓடி வந்தவள் நாற்காலிக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள்.

"ஏலே, முறை முடிஞ்சிட்டா?"

"இல்லம்மா. உச்சிக்குத்தான்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். நான் அருகில் போய், சத்தம் போட்டு அழும்மா என்றேன்.

"நான் அழுதா அவுக பொறுக்க மாட்டாக. எந்திரிச்சிருவாக. ஊரான் பயிரு கெட்டுப் போகும்" என்றாள்.

புத்தி பேதலித்துச் சொன்னாளோ, தெரிந்துதான் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்பாமேல் அன்று வந்த பாசம் அவர் உயிரோடு இருந்தபோது வந்ததில்லை. கோபமும் அதே அளவு வந்தது. எங்களுக்காக ஒரு நாளாவது எழுந்து வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

வெயில் ஏறி அப்பாவின் முகத்தில் விழுந்தது. சங்கரலிங்கம் எரிச்சலோடு நாலு தரம் திரும்பிப் பார்த்தார். ஐந்தாம் தரம் தன் ஓலைக்குடையை விரித்துக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பிடித்தார். ஆள் மாற்றுகிறோம் என்றவர்களை விரட்டிவிட்டார். அவர் சட்டையில்லாத முதுகில் வியர்வை ஓடியது. குடையைப் பிடித்தபடியே அப்பாவை ஏசிக்கொண்டிருந்தார். "சாவுறதுக்கும் எங்க முறையாப் பாத்துச் சாவத் தெரியலை பாரு இந்த மனுசனுக்கு."

4. பன்னிரண்டு மணி

ஓவர்சியர் கடிகாரத்தை எடுத்து, "பன்னிரண்டு" என்றார். இனி மேலப்பத்து முறை. நான் திருகுசாவியைப் பிடித்தேன். இசக்கிமுத்து கால்வாய்க் கரையில் தன் வயல் பக்கமே பார்த்து நின்றார். அப்போதுதான் தண்ணீர் அவருடைய மூன்றாவது வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"என்னலே சாவியைப் பிடிக்க?" என்று சங்கரலிங்கம் என்னை அதட்டினார். "அவரு இன்னும் எந்திரிக்கலையே."

"உச்சி ஆயிட்டு அண்ணாச்சி. இனி உங்க தண்ணி."

"எங்க தண்ணியை நான் பாத்துக்கிடுதேன். லஸ்கர் உக்காந்திருக்கும்போது நீ எப்படி ஷட்டரைத் தொடுவ?"

குடையை அவர் இறக்கவில்லை. மேலப்பத்துக்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் ஷட்டர் பக்கம் வரவில்லை. அப்படியே அரைமணி நேரம் போயிற்று. இசக்கிமுத்து ஒன்பதாவது வயல் வரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு திரும்பி ஓடி வந்தார்.

"போதும்வே, போதும்! கடைசி வயலும் நனைஞ்சிட்டு. எங்க அண்ணாச்சியைத் தூக்குங்க!"

முதலில் நான் ஷட்டரை இறக்கினேன். அதற்கப்புறம் அம்மா அழுதாள். அந்த அழுகை அணைக்கட்டுவரை கேட்டதாகச் சொல்லுவார்கள். இரண்டு பத்துக்காரர்களும் சேர்ந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். எந்தப் பக்கம் யார் பிடிப்பது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

5. காரணம்

சாயங்காலம் கேஜ் புத்தகத்தை நிரப்ப வேண்டியிருந்தது. பன்னிரண்டு என்றே போட்டுவிடு, வம்பு வேண்டாம் என்றார் ஓவர்சியர். அப்பா எழுதிய பக்கங்களைப் புரட்டினேன். இருபது வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பன்னிரண்டரை என்று எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "லஸ்கர் எழவில்லை" என்று எழுதினேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். புத்தகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அது எவ்வளவு கிறுக்குத்தனமாக இருந்தாலும் சரி.

ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. லஸ்கர் ஏன் எழவில்லை?

இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பினேன்.

அப்படியானால் அரைமணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தது யார் என்று மறுபடியும் கேட்டார்கள்.

அவர்தான் என்று எழுதினேன். அதற்குமேல் கேள்வி வரவில்லை.