ஜெகந்நாதன் ஷாக்குக்கு எண்ணெய் மாற்றிய கதை

ஜெகந்நாதனின் அருவருப்பு கூடப் பிறந்தது. தாதியின் கை சுத்தமா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் அழுகையே அழுதாராம். உத்திரமேரூர் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர், எச்சில் தொட்டு நோட்டை எண்ணுகிற ஆள் தெருமுனையில் வரும்போதே மோப்பம் பிடித்துவிடுவார். சோப்பைக் கழுவிவிட்டுத்தான் அந்தச் சோப்பால் கையைக் கழுவுவார். பஸ்ஸில் கம்பியைத் தொடமாட்டார். காஞ்சிபுரம் வரைக்கும் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றே போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் உண்டு.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் அந்த நைட்ரோ வண்டி வந்து விடிந்தது. பிள்ளை முகுந்த் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன, நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் லாரி. ஆட்டுக்குட்டி அளவு. பொம்மைதான், ஆனால் எஞ்சின் நிஜம், புகை நிஜம். ஓட ஓடப் பின்னால் பிசுக்கு எண்ணெயைத் துப்பும்.

"சீ! இது வண்டியா, வயித்தாலே போற கன்னுக்குட்டியா?" என்றார் முதல் நாள்.

மறுநாள் அது மண்மேட்டில் ஏறிப் பறந்து, நாலு காலையும் மடக்கி, சத்தமில்லாமல் இறங்கியதைப் பார்த்தார். மூச்சுவிட மறந்தார். அதற்கப்புறம் வண்டியில்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

எஞ்சினைத் தொட அவரால் ஆகாது. அதற்கு லோடு ஆட்டோ ஓட்டும் தானியேல். சக்கரங்களைத் தாங்கும் நாலு ஷாக்குகள் மட்டும் ஜெகந்நாதன் பொறுப்பு. விரல் நீளக் குழாய், உள்ளே எண்ணெய், மேலே ஸ்பிரிங். எண்ணெய் கெட்டியானால் வண்டி விறைக்கும், இளகினால் தொய்யும். அதைப் பதம் பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர்.

செங்கல்பட்டிலிருக்கும் அக்கா பிள்ளை கிருத்திவாசனுக்கு அந்த வண்டிமேல் ரொம்ப நாளாகக் கண். முகுந்த் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: காணும் பொங்கலன்று கவிழாமல் அஞ்சு சுற்று ஓட்டினால் வண்டி அப்பாவுக்கு. கவிழ்ந்தால் கிருத்திவாசனுக்கு.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் தானியேல் வீட்டு வாசலுக்குப் போனார் ஜெகந்நாதன். அங்கே தானியேல் ஷாக் எண்ணெய் பாட்டிலுக்குள் கோழி இறகை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"என்னய்யா அது?"

"இறகு சார். அடியில தங்கிக்கினு கீது, கலக்கி வுடறேன்."

"எந்த இறகு?"

"நேத்து கொழம்பு வெச்ச கோயிதான். கயுவிட்டேன் சார்!"

ஜெகந்நாதன் பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிப்போய், வீட்டுக் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தார். பூஜைக்கு வாங்கிய செக்குத் தேங்காயெண்ணெயை ஷாக்குகளில் நிரப்பினார். கிணற்று நீர் மாதிரி தெளிந்திருந்தது. முழங்கால் உயரத்திலிருந்து வண்டியைக் கீழே விட்டுப் பார்த்தார். பூனை குதித்த மாதிரி இறங்கியது. இனி இந்த வண்டியில் அருவருப்புக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டார்.

காணும் பொங்கல் காலை. ஊருக்கு வெளியே, கலர் கல் நட்ட மனைப்பிரிவு. வெயிலேறினால் மனை பார்க்க ஆள் வந்துவிடும் என்பதால் ஏழு மணிக்கே ஓட்டம். புல்லெல்லாம் பனி. தானியேல் கயிற்றை இழுத்தான். எஞ்சின் அலறியது. வண்டி முதல் மேட்டில் ஏறி, செங்கல்லாக விழுந்து, தவளையாகத் துள்ளிக் கல்லில் சாய்ந்தது.

"கவிழ்ந்தாச்சு!" என்றான் கிருத்திவாசன்.

"இன்னும் ஆரம்பக் கோட்டையே தாண்டலையேடா!" என்றார் ஜெகந்நாதன்.

"சரி மாமா. அடுத்தது கணக்கு."

தானியேல் ஷாக்கை அமுக்கிப் பார்த்தான். அசையவில்லை. மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு.

"இன்னா சார் ஊத்துன? தேங்காண்ணியா? தை மாசப் பனியில எங்க வூட்டு சீசாவுலயே குச்சி வுட்டு நோண்டறோம்!"

சுடவைக்கப் பக்கத்தில் டீக்கடை இல்லை, நெருப்பு மூட்டினால் எரிபொருள் பற்றிக்கொள்ளும். தானியேல் மடமடவென்று நாலு ஷாக்கையும் கழற்றினான். சட்டை பட்டனை அவிழ்த்து, ஒன்றை இந்தக் கக்கத்திலும் ஒன்றை அந்தக் கக்கத்திலும் செருகிக்கொண்டான்.

"சூடு வந்தா எளகிடும். மீதி ரெண்டு உனக்கு."

"எனக்கா? சீச்சீ!"

"நாலுக்கும் எனக்குக் கக்கம் போதாது சார்."

"உருகினதும் உன்னோடதை எடுத்துட்டு, இதையும் நீயே..."

"அதுவரைக்கும் அது ரெண்டும் ஒறையாம நிக்குமா? என் வேர்வை பட்டது சாருக்கு ஆவாதுன்னா சொல்லிடு. வண்டிய இப்பவே செங்கல்பட்டுக்கு ஏத்திடலாம்."

ஜெகந்நாதன் வண்டியைப் பார்த்தார். கால் நாலும் பிடுங்கிய பூச்சி மாதிரிக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு செருகினார். சில்லென்று ஏறியது. மெல்ல மெல்ல இளகி, எண்ணெய் கசிந்து விலாவில் வழிந்தது. புழு நெளிகிற மாதிரி இருந்தது. வாந்தி வந்தது, விழுங்கினார். விழுங்கியதை நினைத்து இன்னொரு தடவை வந்தது.

நாலையும் துண்டில் போட்டு உருட்டித் திருகி மாட்டியபோது எது யார் கக்கத்திலிருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஜெகந்நாதன் கேட்கவில்லை, வெறுங்கையால் திருகினார்.

வண்டி போயிற்று பாருங்கள்! மேட்டில் ஏறி, பனைமரத்து உச்சியை எட்டிப் பார்த்து இறங்கியது. அஞ்சு சுற்று. ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை.

"அடி சக்கை!" என்று கத்தினான் தானியேல்.

கிருத்திவாசன் கைகுலுக்க வந்தான். இரண்டடி தள்ளியே நின்றுவிட்டான். ஜெகந்நாதனின் சட்டை எண்ணெயில் ஒட்டியிருந்தது. வேர்வையும் புகையும் கலந்த வாடை காற்றில் வீசியது. நீட்டிய கை பாதியில் திரும்பிப் பாக்கெட்டுக்குள் போயிற்று. மூக்கு சுருங்கியது, உதடு கோணியது, கண் வேறெங்கோ போயிற்று.

"கங்கிராட்ஸ் மாமா... நான் கிளம்பறேன்."

ஜெகந்நாதன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் தானே போட்டுக்கொண்டு திரிந்த முகம். எதிரே நின்று இதுவரை பார்த்ததில்லை.

சீ, இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும் அது!