மஞ்சத் துணியில் முடிஞ்ச கண்டன்சர்

கிட்ட வந்து உக்காருங்க. பழைய கார் வச்சு நடுரோட்டுல நின்னவங்க முன்னால வாங்க, மத்தவங்க பின்னால இருந்து கேளுங்க. வாடகைக் கார் ஓட்டறவன் பிரேக்குக்குத்தான் பயப்படுவான்னு ஜனங்க நினைக்குது. நான் பயந்து செத்ததெல்லாம் சுண்டு விரல் முனையாட்டம் இருக்கிற ஒரு தகர டப்பாவுக்கு. அதுக்குப் பேரு கண்டன்சர்.

அறுபதுகளோட கடைசி. ஏரியூர்ல எங்க மொதலாளிகிட்ட ஒரு சீமைக் கார் இருந்தது, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. நான் மூணாம் வகுப்போட நின்னவன், ஸ்டீரிங் பிடிச்சுத்தான் சோறு தின்னேன். இஞ்சின்ல டிஸ்டிபூட்டர்னு ஒண்ணு இருக்கும், அங்கிருந்துதான் ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டு பிரிஞ்சு போவும். அதோட இடுப்புல ஒட்டிக்கிட்டு இருக்கும் இந்தக் கண்டன்சர். அது நல்லா இருந்தா பொறி நீலமா, டப்பு டப்புனு அடிக்கும். செத்துட்டா வண்டியும் செத்துது. நல்லதும் கெட்டதும் பாக்க ஒண்ணாட்டமே இருக்கும். அதுதான் பயம்.

காட்டு நடுவுல காய்ச்சல்

ஏரியூருக்குப் பிரசவம் பாக்க வந்தவங்க சவரியம்மா நர்ஸு. கடத்தூர்ப் பக்கம் வெள்ளாமைக் குடும்பம், வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. சிக்கலான பிரசவம்னா எங்க கார்லதான் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு ஓடணும். வேற வண்டி கிடையாது.

ஒரு நாள் ஒருத்தியை அங்க சேத்துட்டு நாங்க ரெண்டு பேரும் திரும்பி வர்றோம். உச்சி வெயில். காட்டு நடுவுல வண்டி ரெண்டு இருமல் இருமி நின்னுடுச்சு. ஹேண்டில் போட்டுச் சுத்தறேன், சுத்தறேன், பொறியே இல்லை. பள்ளத்துல மூங்கில் முறியற சத்தம் கேட்டுது. யானைதான். நர்ஸம்மா கண்ணாடியை ஏத்திட்டு ஜெபமாலையை எடுத்துட்டாங்க. நானும் ஹேண்டிலோட உள்ள ஏறிக் கதவைச் சாத்திட்டேன். அரை மணி நேரம் கழிச்சு, என்ன ஏதுன்னே தெரியலை, ஒரே சுத்துல வண்டி கிளம்பிடுச்சு. காடு தாண்டி ஊர் எல்லை வந்ததும் நர்ஸம்மா சொன்னாங்க: “ஏம்ப்பா மாது, சூடு ஏறினா படுத்துக்குது, ஆறினா எழுந்துக்குது. காய்ச்சக்காரனைக் காலைக் குளுர்ல தொட்டுப் பாத்துட்டு நல்லாருக்கான்னு சொல்றியே, நீயெல்லாம் ஒரு டிரைவரு!”

தாய் மேல சத்தியம்

நான் காலைக் குளுர்லதான் வண்டியைச் சோதிப்பேன்; சூட்டுல படுத்துக்கிறது கண்டன்சர்தான்னு அப்பத்தான் உறைச்சுது. தர்மபுரியில ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். ஒரிஜினல் வேணும்னேன். அப்ப ஒரிஜினல் பொட்டியில டூப்ளிகேட்டைப் போட்டு விக்கிற காலம். பொட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். இங்கிலீசு எனக்கென்ன தெரியும்? ரெண்டு சாமானைக் கையில எடுத்து எடை பாத்தேன், ஒயரை இழுத்துப் பாத்தேன், மோந்துகூடப் பாத்தேன். “அண்ணே, பின் சீட்டுல வலியெடுத்த பொம்பளைங்க வர்ற வண்டி”ன்னு கும்பிட்டேன். கடைக்காரர் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நெஞ்சுல கை வச்சுச் சொன்னாரு: “எங்காத்தா மேல சத்தியமா ஒரிஜினல்தாங்க, அட்டைப் பொட்டி மட்டும் உள்ளூர்ல அடிச்சது.”

ஊசிப் பொட்டி மேல பரிச்சை

ரெண்டையும் வாங்கிட்டு வந்து காட்டினேன். நர்ஸம்மா ஸ்டவ்வைப் பத்த வச்சு, ஊசி கொதிக்க வைக்கிற பொட்டியை ஏத்தி, அதோட மூடி மேல ரெண்டு கண்டன்சரையும் படுக்க வச்சாங்க. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம். அப்பறம் கிடுக்கியில தூக்கிக்கிட்டு ஓடி வந்து, “மாட்டு, ஆறதுக்குள்ள மாட்டு”ன்னாங்க. விரல் கொப்பளிச்சுப் போச்சு. முதல் சாமானுக்குப் பொறி மஞ்சளா, சாகப் போற விளக்காட்டம் இழுத்துது. ரெண்டாவது நீலமா அடிச்சது. அதையே வண்டியில விட்டோம். இந்தப் பரிச்சை இல்லாட்டி அந்த மஞ்சப் பொறியை நம்பித்தானே காட்டுக்குள்ள போயிருப்பேன்?

அன்னைக்கே ரெண்டு சட்டம் போட்டாங்க. புது சாமான் எது வந்தாலும் இந்த மூடி மேல ஏறணும், அது ஒண்ணு. இன்னொண்ணுதான் எனக்கு மண்டையில ஏறலை: “புதுசை வண்டியில போட்டு ஓட்டு, ஓடி ஜெயிச்ச பழசை டேஷ்போர்டு டப்பாவுல வை. ஆபத்துக்கு எடுக்கிறது, வேலை தெரிஞ்சதா இருக்கணும்ப்பா.”

ஆயுத பூசை

நம்மாளுங்க யாராச்சும் அப்படிச் செய்வமா, சொல்லுங்க? புது வேட்டியைக் கட்டிக்கிட்டுச் சேத்துல இறங்குவமா? ஆயுத பூசைக்கு முன்னாடி மொதலாளி புதுசா ஒரு கண்டன்சர் வாங்கிக் கொடுத்தாரு. பளபளன்னு இருந்தது. பூசையில வச்சு, குங்குமம் போட்டு, மஞ்சத் துணியில முடிஞ்சு டேஷ்போர்டு டப்பாவுல பத்திரமா வச்சுட்டேன். மூடி மேல ஏத்தலை, வண்டியிலயும் போடலை. ஓடிக்கிட்டு இருந்ததே ஓடட்டும்னு விட்டுட்டேன். நர்ஸம்மா கேட்டப்ப, எல்லாம் செஞ்சாச்சுன்னு பொய் சொன்னேன். என் மூஞ்சியை ஒரு நிமிசம் பாத்துட்டு அந்தம்மா சொன்னது: “செஞ்சவன் விரல்ல கொப்புளம் இருக்கும், உன் விரல்ல குங்குமம் இருக்குது.”

பின் சீட்டுல முனியம்மா

அடுத்த சித்திரையில வலியெடுத்தது என் பொண்டாட்டி முனியம்மாவுக்கு. தலைச்சன் பிள்ளை. நர்ஸம்மா தொட்டுப் பாத்துட்டு வெளிய வந்து, “குழந்தை குறுக்க கிடக்குது, வண்டியை எடு”ன்னாங்க. மத்தியானம் பன்னெண்டு மணி. அனல் காத்து.

நான் பயந்த அந்தக் காட்டு நடுவுலயே வண்டி நின்னுச்சு. அதே இருமல். முனியம்மா கத்தறா. நான் மஞ்சத் துணியைப் பிரிச்சு, புது சாமானை மாட்டி, ஹேண்டிலைச் சுத்தினேன். பொறி இல்லை. மறுபடி சுத்தினேன். குங்குமம் என் கையில ஒட்டியிருக்குது, பொறி இல்லை. பள்ளத்துல மூங்கில் முறிஞ்சுது. நடுரோட்டுல உக்காந்து ஓன்னு அழுதேன்.

நர்ஸம்மா திட்டலை. இறங்கி வந்தாங்க. “பழசையே மாட்டு. அதுக்குச் சாவு வரலை, காய்ச்சல்தான்”னாங்க. மாட்டினேன். அதே மஞ்சத் துணியைக் குடிதண்ணியில நனைச்சு, ஒயர்ல படாம, கண்டன்சர் மேல மட்டும் சுத்திக் கட்டினாங்க, காய்ச்சக்காரன் நெத்தியில பத்துப் போடற மாதிரி. குடிதண்ணிக் கூசாவுல இருந்து சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே இருந்தாங்க. ரோட்டுல கானல் ஆடுது, நான் அந்தத் துணியையே பாத்துக்கிட்டு நின்னேன். “இப்ப சுத்து.” சுத்தினேன். நீலம்!

மைலுக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்தித் துணியை நனைச்சோம். ஒவ்வொரு தரமும் திரும்பக் கிளம்புமான்னு பயந்துக்கிட்டேதான் ஹேண்டிலைச் சுத்தினேன். கூசா காலியாகறப்ப ஆஸ்பத்திரி கேட்டு தெரிஞ்சுது. தாயும் பிள்ளையும் பொழைச்சாங்க, பொம்பளைப் பிள்ளை. சாயங்காலம் கட்டில்கிட்டப் போய் நின்னேன். முனியம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டா: “நாக்கு வறண்டு ஒரு வாய் தண்ணி கேட்டேன், உன் டப்பாவுக்கு ஊத்திட்டீங்க ரெண்டு பேரும்!”

மாத்தல்

எம் பொண்ணு தத்தித் தத்தி நடக்கறப்ப நர்ஸம்மாவுக்குக் கம்பைநல்லூருக்கு மாத்தல் வந்துது. காலையில பொட்டியோட நின்னாங்க. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு நான் கெஞ்சினேன்: “நம்ம வண்டியிலயே கொண்டுபோய் விடறேங்கம்மா, சாமான் எல்லாம் புதுசு, ஒரிஜினலு.”

அந்தம்மா சிரிச்சாங்க. கார் கதவைத் திறந்து டேஷ்போர்டு டப்பாவை இழுத்தாங்க. உள்ள ஒரு மஞ்சத் துணி முடிச்சு, குங்குமம்கூட உதிராம இருந்தது. பிரிச்சுப் பாத்தாங்க, ஒரு நாளும் ஓடாத புதுக் கண்டன்சர் பளபளன்னு கிடந்தது. திரும்ப அதே மாதிரி முடிஞ்சு உள்ள வச்சாங்க, எம் பொண்ணு கன்னத்தைக் கிள்ளிட்டு, பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் பஸ்ஸுல ஏறிக்கிட்டாங்க.