பொட்டு வைத்த கேன்

எங்கள் வீட்டில் பெட்ரோல் கேன் இரண்டு. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே உயரம். ஒன்றில் என் கணவரின் பைக்குக்கு வெறும் பெட்ரோல். மற்றதில் என் புல் வெட்டும் மெஷினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல். ஆயிலை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கியதும் அந்தக் கேனுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். பொட்டு இருந்தால் கலந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டதுண்டு.

அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே எங்கள் நிலம். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் முதன்முதலில் வரப்பில் இறங்கியபோது பக்கத்துக் காணிக்காரர், எனக்கு மாமா முறை, சிரித்தார். "பொம்பள கைல மெஷினா? ஒரு மாசம் தாங்காது, பாத்துகினே இரு." அதன்பின் இரண்டு போகம் அறுத்தாயிற்று. மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நான் சொல்லும் பதில்தான்.

ஆயுத பூஜை வந்தது. என் கணவர் பக்தியில் குறை வைக்காதவர். மண்வெட்டி, பைக், தண்ணீர் மோட்டார், தேங்காய்த் துருவி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் சுண்டல் தாளிக்கும் மும்முரத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் வேலையைத் தொடங்குவோமென்று கொட்டகைக்குள் போய், பொட்டு வைத்த கேனிலிருந்து டேங்கை நிரப்பினேன். ஆஹா, என்ன ஓட்டம்! வழக்கமான இருமலே இல்லை. கோரை சரசரவென்று சாய்ந்தது. மாமா வேறு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. புகையே இல்லை. சேலைமேல் போட்ட சட்டையை நாறடிக்கும் அந்த ஆயில் வாசனையும் இல்லை. சட்டென்று அணைத்தேன். ஆயில் இல்லாமல் ஓடினால் உள்ளே உரசிச் சூடேறி அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷின் பழைய இரும்புக்குத்தான்.

கொட்டகைக்கு ஓடினேன். அடுத்த கேனிலும் பொட்டு! அதில் விரலை நனைத்துத் தேய்த்தேன், வழவழவென்றது. கலந்தது இதுதான். சாதாரணமாக "ஏங்க" என்பவள் நான், கோபம் வந்தால் "யோவ்" ஆகிவிடும்.

"யோவ், இன்னாயா இது? ரெண்டு கேனுக்கும் பொட்டு கீது!"

"ஆயுத பூசையாச்சே! ஒண்ணுக்கு வெச்சுட்டு ஒண்ண வுட்டா நல்லாவா கீது?"

மெஷின் ஆறும்வரை இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். மாமா வந்துவிட்டார். "இன்னாம்மா, புட்டுக்கிச்சா?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கணவர் முந்திக்கொண்டார்.

"அவ ஒண்ணும் பண்ல மாமா. வெறும் பெட்ரோலுக்குப் பொட்டு வெச்சது நான்."

அந்த நிமிடமே என் கோபம் இறங்கிவிட்டது. பயம் மட்டும் இறங்கவில்லை.

டேங்கைக் காலி செய்து, கலந்ததை ஊற்றி, கயிற்றை இழுத்தேன். அசைவில்லை. மறுபடி இழுத்தேன். இருமியது. அடுத்த இழுப்பில் குபுகுபுவென்று புகை கிளம்பி மாமாவின் வெள்ளை வேட்டிமேல் போய் அடித்தது.

"ஓடுதேம்மா!" என்றார் அவர், ஒதுங்கிக்கொண்டே. இந்த முறை சிரிக்கவில்லை.

நான் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டேன். இன்னும் பாதி வரப்பு பாக்கி இருந்தது.