பள்ளப்பாதையில் நடந்தவர்கள்

அல்சிட் லபோரியைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் பாலத்தடிக்குப் போனால் போதும். மழை பெய்தாலும் நிற்பார். முப்பத்து நாலு வருஷம் சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். எங்கள் பெய்ரூசல் ஊரைச் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். அவரை யாரும் நியமிக்கவில்லை. ஊர்க் கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் சாவி அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அவ்வளவுதான்.

யாராவது வந்ததும் வராததுமாகக் கேட்பார்கள்.

"இந்தப் பாலம் ரோமானியர் கட்டினதா?"

"இல்ல. எங்க ஊர்ல மூணு கல்லு ஒண்ணு மேல ஒண்ணு நின்னா ரோமானியர்னு சொல்லிடுவாங்க. இது உப்பு மூட்டைக் கழுதைங்க ஆத்தைத் தாண்டக் கட்டினது. யாரு கட்டினாங்கன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாங்க, போவோம்."

இதுதான் அவர் பேச்சு. தெரிந்ததைச் சொல்வார், தெரியாததைத் தெரியாது என்பார். வந்தவர்களுக்கு முதலில் சப்பென்று இருக்கும். சிற்றாலயத்துக்குள் போய், சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு கழுதையின் ஒற்றைக் கண்ணைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை குனிந்து பார்ப்பார்கள். பழைய சுவரோவியம். மீதிக் கழுதை சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது. "சுரண்டிப் பாக்கலாமே" என்று எவராவது சொன்னால் அல்சிட் கதவைக் காட்டுவார். பூசைக்கு வர மாட்டார், ஆனால் வாரம் தவறாமல் அந்த இடத்தைப் பெருக்குவார்.

நான் போர்ச்சுகல்காரி. கல்குவாரி வேலைக்கு வந்த புருஷனோடு இங்கே வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. அல்சிட் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு என்னுடையது. ஏழு வயதில் ஆடு மேய்க்கப் போனவளுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? வரவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்ல எழுத்து எதற்கு? பாதை விஷயத்தை வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அன்றைக்கு அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன்.

பாலத்திலிருந்து சிற்றாலயம், அதற்குப் பின்னால் கண்வலிக்கு நல்லது என்கிற சுனை, அதற்கும் மேலே மேட்டில் ஆதி மனிதர் பெரும் பாறைகளை அடுக்கிய கல்திட்டை. மூன்றுக்கும் ஒரே வழிதான் அந்தக் காலத்தில். பள்ளப்பாதை என்போம். வண்டிச் சக்கரமும் மழைத் தண்ணீரும் அரித்து அரித்து ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கிப்போன பாதை. இரண்டு பக்கமும் கரை, கரைமேல் ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும். வெயில் உள்ளே வராது. வருஷத்தில் எட்டு மாதம் சேறு. ஈரமான நாளில் கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி போட்ட, பல்லி மாதிரியான சாலமாண்டர்கள் காலடியில் நகரும்.

வெளியூர்க்காரர்கள் அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். அல்சிட்டுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்காரரான கிழட்டு ரூகேயிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டு, அந்த நிலத்து ஓரமாகவே ஒரு வழி வெட்டினார். சாலைக்காரர் போட்ட வழி, கேட்க வேண்டுமா? தண்ணீர் நிற்காது, கால் இடறாது, மே மாதம் இரண்டு பக்கமும் ஆர்க்கிட் பூக்கும். வேலிக் கம்பங்களில் மஞ்சள் அடையாளம் போட்டார். பதினோரு வருஷம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் போனார்கள்.

கிழவர் ரூகே இறந்து மகன் ஜில்பேர் பண்ணையை எடுத்தான். அவனுடைய மாடுகள் பள்ளப்பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேய்கின்றன. நடுவில் பாதை. அந்தப் பாதையை ஊர் எனக்கு விற்றுவிட்டால் இரண்டு நிலத்தையும் ஒன்றாக்கிவிடுவேன் என்று மனுப் போட்டான். பொதுஜனம் நடக்காத பாதையை ஊர்ச்சபை விற்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பதினைந்து நாள் விசாரணை வைக்க வேண்டும். மேயர் அலுவலகத்தில் ஒரு நோட்டு திறந்து கிடக்கும். சொல்ல இருப்பவர்கள் எழுதலாம்.

அறிவிப்பு ஒட்டிய அன்று ரொட்டிக்கடை வாசலில் ஜில்பேரை அல்சிட் நிறுத்தினார்.

"என்ன ஜில்பேர் இது?"

"கோவப்படாதீங்க பெரியவரே. நீங்க எப்பவும் போல மேய்ச்சல் வழியாப் போங்க. நான் தடுக்கப்போறதில்ல."

"நீ தடுக்க மாட்டே. உனக்கு அப்புறம் வர்றவன்?"

"அதுக்கு இப்பவே கவலைப்பட்டா எப்படி? அந்தச் சேத்துல யாரு நடக்கிறா சொல்லுங்க பாப்போம். நடக்க விடாம பண்ணினதே நீங்கதானே!"

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அல்சிட் சிரிக்கவில்லை. அவன் கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லையே. அவர் போட்ட நல்ல வழிதான் ஊர் வழியைக் கொன்றது. மேய்ச்சல் வழி இன்னொருவன் தயவு. பள்ளப்பாதை போய்விட்டால், ஒரு கம்பிவேலி போதும், சிற்றாலயமும் சுனையும் கல்திட்டையும் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து வெட்டரிவாளும் மண்வெட்டியுமாகப் பள்ளப்பாதையில் இறங்கினார். முட்புதரை வெட்டினார். பழைய இலைச் சேற்றை வழித்துப் போட்டார். மூன்றாம் நாள் மண்வெட்டி கல்லில் பட்டது. வழிக்க வழிக்கக் கல் தளம், அதில் வண்டிச் சக்கரம் தேய்த்த இரண்டு பள்ளம், கை மணிக்கட்டு ஆழத்துக்கு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"ஒலிந்தா, இது ரோமானியரா இருந்தாலும் இருக்கும்."

"நீங்களா இப்படிப் பேசறீங்க?"

"இருக்கும்னுதானே சொன்னேன்."

விசாரணை அதிகாரி நகரத்திலிருந்து வந்தார். நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்த ஆள், ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். அதிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அல்சிட்டோடு பாதையில் நடந்தார், குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"அருமையான தளம். ஆனா ஐயா, இது அந்தக் காலத்துல நடந்தாங்கங்கிறதுக்குச் சாட்சி. எனக்கு வேண்டியது இப்ப நடக்கிறவங்க. நோட்டுல உங்க பேர் ஒண்ணுதான் இருக்கு."

ஒன்றுதான் இருந்தது. பதிமூன்று நாளாகியும் ஒன்றுதான்.

இங்கேதான் எங்கள் ஊரின் கோணல் புத்தியைச் சொல்ல வேண்டும். பள்ளப்பாதையில் யாரும் நடக்கவில்லை என்பது பச்சைப் பொய். செப்டம்பர் மழைக்குப் பிறகு பாதி ஊர் நடக்கும். அந்தக் கரைகளின் செஸ்ட்நட் மரத்தடியில்தான் பழுப்புத் தலையும் தடித்த தண்டும் உள்ள, நல்ல விலை போகும் அந்தக் காளான் முளைக்கும். விடிவதற்குள் போய், கூடைமேல் துணியை மூடிக்கொண்டு, வேறு வழியாக வீடு திரும்புவார்கள். எங்கே பறித்தாய் என்று கேட்டால் எதிர்த்திசையில் கையைக் காட்டுவார்கள். என் புருஷன் சாகிற வரையில் அவன் இடத்தை எனக்குச் சொல்லவில்லை. என் இடத்தை நானும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த நோட்டு மேயர் அலுவலக மேஜையில் விரித்துக் கிடக்கிறது. எவர் எழுதினாலும் அடுத்து வருகிறவர் வாசிப்பார். காளான் இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட எவனுக்குப் பைத்தியம்?

அல்சிட்டுக்கு எல்லாம் தெரியும். சேற்றில் பதிந்த பூட்ஸ் தடத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார். அவர் காளான் தின்பதில்லை. ஒரு தடவை தின்று மூன்று நாள் படுத்தவர். எனவே அவருக்குப் போட்டியும் இல்லை, பொறாமையும் இல்லை. அன்று சாயங்காலம் சூப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"பேரைச் சொல்லுங்க அல்சிட். அந்த அதிகாரிகிட்ட இருபது பேரைச் சொன்னா முடிஞ்சுது."

"மாட்டேன்."

"பாதை போயிடும்."

"போனாப் போகட்டும். அவங்க மறைச்சு நடக்கிறாங்க. அதை நான் பாத்தது என் தப்பு. பாத்ததை விக்க மாட்டேன்."

"கழுதை! அந்தச் சுவர்ல இருக்கிற கழுதைக்காவது ஒரு கண்ணு இருக்கு."

"சூப்புல உப்பு கம்மி" என்றார். வந்துவிட்டேன். அவர் பிடித்தால் பிடிதான், ஆனால் நானும் அப்படிப்பட்டவள்தான்.

மறுநாள் அதிகாரி உட்காரும் கடைசிக்கு முந்தைய நாள். காலையிலேயே போனேன். மேயரம்மா மேஜைக்குப் பக்கத்தில் இருந்தார்.

"வாங்க ஒலிந்தாம்மா. இதோ பேனா."

"எனக்கு எழுத வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வாயால சொல்றேன். சட்டத்துல இடம் இருக்கா ஐயா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "தாராளமா இருக்கு. சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"இவங்க வெளிய போகட்டும். கதவைச் சாத்துங்க."

மேயரம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் போனார். நான் சொன்னேன்: செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும் வாரம் இரண்டு தடவை, முப்பது வருஷமாக, பள்ளப்பாதையில், இரண்டாவது வளைவு வரைக்கும்.

"எதுக்காகப் போவீங்க?"

"நடக்க."

"இரண்டாவது வளைவுல என்ன இருக்கு?"

"ஐயா, பாதையை விசாரிக்க வந்தீங்களா, என்னையா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "ஊர்ப் பெண் ஒருவர்னு போடறேன். பேர் என் தாள்ல மட்டும் இருக்கும், நோட்டுல வராது. சரியா?"

அது போதும். வெளியே வந்து ரொட்டிக்கடையில் இரண்டு பேரிடம், தபால்காரியிடம், கதவைச் சாத்தி வாயால் சொல்லலாம், பேர் வெளியே வராது என்று மட்டும் சொன்னேன். காளான் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

கடைசி நாள் மேயர் அலுவலக நடையில் உட்கார இடமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். மேயரம்மாவின் சொந்தத் தம்பி போனான். கடைசியாக, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஜில்பேரின் பெண்டாட்டி ஜோசியான்.

"நீயுமா?" என்றேன்.

"வாயை மூடுங்க ஒலிந்தாம்மா. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா மாட்டோட மாடாக் கட்டிப்போட்டுடுவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இருபத்து மூன்று பேர். பாதை புழக்கத்தில் இருக்கிறது என்று அதிகாரி எழுதினார். ஊர்ச்சபை மனுவைத் தள்ளியது. அல்சிட்டிடம் சொல்லப் போனேன். கேட்டுக்கொண்டார். "யார் யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜில்பேர் அடுத்த வாரமே மேய்ச்சல் நிலத்துக்குக் குறுக்கே கம்பி இழுத்தான். அவன் நிலம், அவன் இஷ்டம். அல்சிட் இரும்புத் தூரிகையோடு போய், பதினோரு வருஷத்து மஞ்சள் அடையாளங்களைக் கம்பம் கம்பமாகச் சுரண்டினார். ஒரு முழு நாள் ஆயிற்று. பிறகு பள்ளப்பாதையின் ஓக் மரங்களில் புதிதாகப் போட்டார். வயசானவர்கள் பலர் இப்போது கல்திட்டை வரைக்கும் வருவதில்லை. வெள்ளைச் செருப்போடு வந்த ஒரு நகரத்து அம்மாள், "இதைவிட நல்ல வழி இல்லையா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. இதுதான் வழி. கரைப் பக்கமா நடங்க" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் முழங்காலில் உட்கார்ந்து, சேறு அதிகமாக இருக்கும் இடங்களில் தட்டையான கல் பதிக்கிறார். எழுபத்து நாலு வயது. உதவிக்கு ஆள் வேண்டாம் என்கிறார். போன செப்டம்பரில் நான் விடியற்காலை இரண்டாவது வளைவுக்குப் போனபோது எனக்கு முன்னால் ஜோசியான், அவளுக்கு முன்னால் மேயரம்மாவின் தம்பி. மூன்று பேர் கூடையிலும் துணி மூடியிருந்தது. "நடக்க வந்தேன்" என்று மூன்று பேரும் சொன்னோம். திரும்பும்போது அல்சிட் வழியில் கல் பதித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனோம். அவர் காலை வணக்கம் சொன்னார். தலையை நிமிர்த்தவில்லை.