ஷீனா அக்கா ஆடாத ஆட்டம்

ஈரப் புல்லும் தசைவலித் தைலமும் கலந்த ஒரு மணம், அம்மா செத்தல் மிளகாய் வறுக்கும் காரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பதினைந்தாம் மாடி நடைவழியில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நிற்கும். செத்தல் எங்கள் வீட்டிலிருந்து, தைலம் எதிர்க்கதவிலிருந்து. எதிர்வீட்டில் தனியாக இருந்தவர் ஷீனா அக்கா. ஸ்கொட்லாந்துக்காரி. அம்மாவுக்கு ‘ஷ’ வாயில் வராது, ‘சீனா’ என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்ட சொந்தக்காரர்கள் ஒரு சீனப் பெண்ணை எதிர்பார்த்திருந்து, கதவு திறந்ததும் செம்பட்டைத் தலைமயிரைக் கண்டு திகைப்பார்கள்.

கிழமை நாட்களில் ஒரு ஹொட்டேலில் படுக்கைவிரிப்புத் தோய்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளத்தாக்குப் பக்கமிருந்த திடலில் பெண்கள் அணி ஒன்றுக்கு முன்வரிசையில் நின்று உதைபந்து ஆடுவார். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் நானும் தவறாமல் பார்க்கப் போவோம். பாடசாலையில் எல்லோரும் உதைபந்தை ‘சொக்கர்’ என்பார்கள். அந்தச் சொல் அப்பாவுக்கும் பிடிக்காது, ஷீனா அக்காவுக்கும் பிடிக்காது. அப்பா ‘ஃபுட்போல்’ என்பார், அவர் தன் ஊர்ப் பேச்சில் ‘ஃபிற்பா’ என்பார். ஊரில் கழகத்துக்கு ஆடிய அப்பா, முதல் நாள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றுவிட்டு, திரும்பி வரும்போதுதான் சொன்னார்: “மற்றவையள் ஓடினம். உவள் ஒருத்திதான் விளையாடுறாள்.”

ஷீனா அக்காவின் கதையை எங்கள் சமையலறை மேசையில் துண்டு துண்டாகக் கேட்டேன். நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சிறு நகரத்தில் பிறந்து, பெடியன்களோடு தெருவில் ஆடி, பன்னிரண்டு வயதானதும் இனிப் பெட்டைகள் சேரக்கூடாது என்று வெளியே நிறுத்தப்பட்டு, பிறகு ஒரு பெண்கள் கழகத்தைத் தேடிப் பிடித்து, வெளிச்சமில்லாத திடலில் பயிற்சி எடுத்து, ஒரே ஒருமுறை ஸ்கொட்லாந்து அணிக்காகக் களம் இறங்கியிருக்கிறார். மாற்று வீராங்கனையாக, கடைசிச் சில நிமிடங்கள். “பந்து காலில் பட்டதே இரண்டு தரம்தான்” என்று சிரித்தார். ஊரில் வேலையும் இல்லை, ஒழுங்கான ஆட்டமும் இல்லை என்று ஆனபோது, ரொறன்ரோவில் ஓர் அணி கூப்பிட, வந்துவிட்டார்.

அவரிடம் ரெலிபோன் இல்லை. எங்கள் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். ஆவணி மாதம் ஒருநாள் அடித்த மணிக்கு நான்தான் எடுத்தேன். ஸ்கொட்லாந்திலிருந்து, அந்நாட்டு அணியின் பெண் பயிற்சியாளர். அவர் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கியது, ஆனால் அந்தப் பாதி போதுமாக இருந்தது. கீழே உடுப்புத் தோய்க்கும் ‘லொன்றி’ அறையில் நின்ற ஷீனா அக்காவை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். வழமையாக ஆடும் முன்வரிசைக்காரி பிள்ளை பெறப் போகிறாள், ஐப்பசியில் நடக்கும் ஆட்டத்துக்கு இவரைத்தான் முதல் விசில் தொடக்கம் நிறுத்தப்போகிறார்கள். ரிசீவரை வைத்துவிட்டு ஷீனா அக்கா எங்கள் வீட்டு நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது ஆறிப்போயிற்று.

பயணத்துக்கு முதல் ஞாயிறு இங்கே ஓர் ஆட்டம் இருந்தது. அப்பா என்னைக் கொண்டு சொல்வித்தார்: “உதுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லு. காலைப் பாத்துக்கொள்ளச் சொல்லு.” நான் சொன்னேன். “நான் போகாவிட்டால் பத்துப் பேர்தான்” என்றார் ஷீனா அக்கா. அப்பாவும் அந்த இடத்தில் அப்படித்தான் போயிருப்பார்.

மழை பெய்து திடல் சேறாகியிருந்தது. இடது பக்கத்தால் பந்தைக் கொண்டுபோனவர் வழமைபோல உள்ளுக்குத் திரும்பினார்; உடம்பு திரும்பியது, சேற்றில் புதைந்த பாதம் திரும்பவில்லை. யாரும் அவரைத் தொடவில்லை, தானாகவே விழுந்தார். எழுந்து இரண்டு அடி வைத்தார், மறுபடி இருந்துவிட்டார், இருந்தபடி எங்கள் பக்கம் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலோடு ஓடிய என்னை நடுவர் கையைக் காட்டி மறித்தார். அப்பா வேலிக் கம்பியை விடவேயில்லை.

அன்றைக்குப் பார்த்து எலிவேற்றரும் வேலை செய்யவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கதிரையில் அவரை இருத்தி, அப்பாவும் கட்டடக் காவலாளியும் படிகளில் தூக்கினார்கள். ஒவ்வொரு மாடிக்கும் அவர் “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டார். மேலே காத்துநின்ற அம்மா, “எங்களிட்டை ஏன் பிள்ளை சொறி சொல்லுறாய்” என்று தமிழிலேயே கேட்டு, வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திடலிலிருந்து நேரே கொண்டுபோன ஆஸ்பத்திரியில், உள்ளே தசைநார் அறுந்துவிட்டதாகவும், ‘ஒப்பரேஷனுக்கு’ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார்.

மறுநாள் ஸ்கொட்லாந்துக்கு ஷீனா அக்காதான் எடுத்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்று ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “வர இயலாது” என்று ஒரு தரம் சொன்னார். பிறகு, தனக்குப் பதிலாக யார் என்று கேட்டார். பெயரைக் கேட்டுக்கொண்டு, “நல்ல பிள்ளை. அவளுக்குப் பந்தைக் காலடியில் கொடுக்கச் சொல்லுங்கள். முன்னால் போட்டால் எட்டமாட்டாள்” என்றார். வைத்துவிட்டு என் கையிலிருந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆட்டம் நடந்த நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். எந்தத் தொலைக்காட்சியிலும் அது இல்லை, வானொலியில் இல்லை, அடுத்த நாள் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. “இப்ப தொடங்கியிருக்கும்” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப முடிஞ்சிருக்கும்” என்றார். தோற்றுவிட்டார்கள் என்று தெரியவே ஒரு கிழமை ஆயிற்று.

அந்த மாதக் கடைசியில்தான், ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. அம்மாவின் தங்கை குடும்பம் அங்கே இருந்தது. அதே ரெலிபோனுக்குப் பக்கத்தில் இப்போது அம்மா இருந்தார். கொழும்புக்கு எடுத்தால் அங்கிருந்த சொந்தக்காரர்களுக்கும் ஒன்றும் தெரியாது. ஷீனா அக்கா ஊன்றுகோலோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பார். ஒருவருக்கு ஒருவர் சொல்வது விளங்காது. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தாலும் வேண்டாம் என்று இருவரும் கையைக் காட்டுவார்கள். சின்னம்மா குடும்பம் சாவகச்சேரியில் உயிரோடு இருக்கிறது என்ற செய்தி பல நாள் கழித்து வந்தபோது, முதலில் அழத் தொடங்கியவர் ஷீனா அக்காதான்.

மறுவருடம் ஒப்பரேஷன் நடந்தது. அதற்கடுத்த கோடையில் மீண்டும் திடலுக்கு வந்தார். கொஞ்சம் மெதுவாக, ஆனால் அதே கூர்மையோடு ஒரு கோலும் அடித்தார். மூன்றாவது ஆட்டத்தில், பந்து எங்கோ தூரத்தில் இருக்க, வெறுமனே ஓடிக்கொண்டிருந்தவர் நிலத்தில் இருந்துவிட்டார். அதே முழங்கால். இந்தமுறை எங்களைப் பார்க்கவில்லை. “வா, போவம்” என்று அப்பா என் தோளைத் தொட்டார். அவர் எங்களை அங்கே காண விரும்பமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

வேலையில் நாள் முழுக்க நிற்க முடியாமல் போக, அந்தக் குளிர்காலம் ஷீனா அக்கா ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் பாடசாலையில் இருந்தபோது ரக்ஸி வந்ததாம். அம்மாவைக் கட்டிப்பிடித்து, “ஓம், ஓம்” என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாராம். பிறகு நாங்களும் கிழக்கே வீடு மாறினோம், இலக்கமும் மாறியது.

இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் இருக்கிறேன். பள்ளத்தாக்குத் திடலில் புல் இல்லை. பச்சைச் செயற்கை விரிப்புப் போட்டு, சுற்றிவர விளக்குகள் வைத்திருக்கிறார்கள். பெண்களின் ஆட்டம் வீட்டுத் தொலைக்காட்சியில் வருகிறது, அரங்கம் நிறைய ஆட்கள். ஷீனா அக்காவின் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் எத்தனையோ பெண்கள் வருகிறார்கள், அவர் இல்லை. ஒருநாள் மகளிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அவ நல்லா விளையாடுவாவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம் என்றேன். காட்டு என்றாள். காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் எழுந்து நின்று, ஷீனா அக்கா பந்தோடு உள்ளுக்குத் திரும்பும் அந்தத் திருப்பத்தைச் செய்து காட்டியிருப்பார். எனக்கு அது கண்ணுக்குள் நிற்கிறது, காலுக்கு வரவில்லை.